மாநாட்டுக்கு ரூம் போடுமுன்: நடுவில் நிற்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராக இருக்கிறேன். ஆகஸ்டில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் இரண்டு நாள் மாநாடு. ஒருவர் தொலைபேசியில் அழைத்து, நிலாவெளியில் ‘மாநாட்டு விலை’க்கு அறை இருக்கிறது, இன்றைக்கே அரைவாசிப் பணம் போடுங்கள் என்கிறார். அம்மாவும் கூட வருகிறார், கோணேசர் கோயிலுக்குப் போக வேண்டுமாம். பணம் போடலாமா? எங்கே தங்குவது வசதி?

பதில்: போடாதீர்கள்.

அந்த ஆளிடம் ஒன்று கேளுங்கள்: என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது? மாநாட்டு நிகழ்ச்சி நிரலில் கட்டுரை வாசிப்பவர்களின் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எல்லாவற்றையும் பல இடங்களில் ஏற்பாட்டுக் குழுவே போட்டுவிடுகிறது. அதைப் பார்த்து வரிசையாக அழைக்கிறார்கள். குழு அனுப்பிய ஆள் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். “மாநாட்டுக்காரருக்கு ரூம் பார்க்கிறது நாங்கள்தானே” என்பார்கள், நாமே அப்படி நினைத்துக்கொள்வோம். இந்த வியாபாரம் உலகம் முழுக்க நடக்கிறது. திருகோணமலைக்கும் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒருமுறை ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு விடியற்காலை ஒரு ஹோட்டல் வாசலில் நின்றேன். ரிசப்ஷன் பையன் பதிவுப் புத்தகத்தைத் திறந்து, விரலை மேலிருந்து கீழே ஓட்டினான். மறுபடியும் ஓட்டினான். எங்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. என் கையில் முகவரின் பற்றுச்சீட்டு, சீல் எல்லாம் அழகாக இருந்தது. அவருடைய போன் அன்றைக்கு முழுக்க ஓஃப்.

ஆகவே விலை பேசுவதும் பணம் போடுவதும் நேரே ஹோட்டலோடு. தனியாள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு முற்பணம் அனுப்பாதீர்கள். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். உப்புவெளிப் பக்கம் பல கெஸ்ட் ஹவுஸ்கள் குடும்பங்கள் நடத்துபவை. முன் வீட்டில் அவர்கள் இருப்பார்கள், பின்னால் நாலு அறை கட்டியிருப்பார்கள். கணக்கு ஐயா பெயரிலோ அக்கா பெயரிலோதான் இருக்கும். அது குற்றமில்லை. அங்கே தங்கிய யாரையாவது விசாரியுங்கள். வாசல் பலகையில் உள்ள நம்பரைக் கேட்டு வாங்கி, அந்த நம்பருக்கு நீங்களே எடுங்கள். கணக்கின் பெயரும் போனில் பேசுபவர் சொல்லும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். திகதி, அறை எண்ணிக்கை, கட்டிய தொகை மூன்றையும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். இவ்வளவும் சரி என்றால் ஒரு இரவுக்கான காசை மட்டும் போடலாம். வீட்டுக்காரர் வேறு, வீட்டுக்காரருக்கு ‘தெரிந்தவர்’ வேறு. தெரிந்தவருக்குக் காசு கிடையாது.

சரி, இடம். வளாகம் நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருக்கிறது. நகரத்திலிருந்து வடக்கே போனால் முதலில் உப்புவெளி, பிறகு அலஸ்தோட்டம், அப்புறம்தான் வளாகம், அதையும் தாண்டி நிலாவெளி. அம்மாவுக்குக் கோயில், உங்களுக்கு மாநாடு என்றால் உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கமே தோது. குச்சவெளி, புல்மோட்டை பஸ்கள் அந்த வீதியால்தான் போகும். நிலாவெளி கடல் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இரவானால் பஸ் கிடைப்பது அரிது, ஓட்டோக்காரர் சொன்னதுதான் விலை. இணையத்தில் ‘திருகோணமலை’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிப் பதிவு செய்யாதீர்கள். குச்சவெளி ஹோட்டலும் அந்தப் பெயரில்தான் வரும், அது நகரத்திலிருந்து முப்பது கிலோமீற்றருக்கு மேல்.

ஆகஸ்ட் இங்கே சீசன் நடுப்பகுதி. போயா (பௌர்ணமி) விடுமுறை சனி ஞாயிறோடு ஒட்டி வந்தால் தெற்கிலிருந்து வான் வானாக வந்து இறங்குவார்கள். விலையைக் கேட்கும்போது “எல்லாம் சேர்த்தா?” என்று கேளுங்கள். பெரிய ஹோட்டல்களில் 10 சதவீத சேவைக் கட்டணமும், 2024 ஜனவரியில் 18 சதவீதமாக ஏறிய வற் (VAT) வரியும் மேலே விழும். சொன்ன விலை காற்பங்குக்கு மேல் ஏறிவிடும்.

பில் உங்கள் நிறுவனத்தின் பெயரில், ஹோட்டலின் தாளில் வேண்டும். முகவரின் துண்டுச் சீட்டை உங்கள் கணக்குக் கிளை திருப்பி அனுப்பும். அந்தக் கிளைகளைப் பற்றி எழுதினால் தனிப் பத்தி போதாது. மூன்று ஹோட்டலில் விலைமனு வாங்கி வா என்பார்கள். மூன்றாவது விலைமனு வரும்போது முதல் ஹோட்டலில் ரூம் முடிந்திருக்கும். ஏற்பாட்டுக் குழுவோ தங்குமிடப் பட்டியலைக் கடைசி வாரத்தில்தான் அனுப்பும். இந்த இடைவெளியில்தான் புரோக்கர் பிழைக்கிறார்.

அம்மாவைக் கோயிலுக்கு மாலைப் பூசைக்குக் கூட்டிப் போங்கள், மதியத்தில் நடை சாத்தியிருக்கும். பிரெட்ரிக் கோட்டை வாசலால்தான் உள்ளே போக வேண்டும், அங்கே இராணுவம் நிற்கும், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். ஏற்றம் முழங்காலுக்கு ஆகாது என்றால் ஓட்டோவில் மேலே கடைகள் வரை போகலாம். வழியில் மான்கள் வந்து மூக்கை நீட்டும், பூசைத் தட்டைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள்.

இரவு பஸ்ஸில் வருவதென்றால் ஹோட்டலுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விடியற்காலை வந்து இறங்கினால் பகல் இரண்டு மணி வரை அறை தர மாட்டார்கள், அம்மா பையோடு வரவேற்பறைக் கதிரையில் இருக்க வேண்டிவரும்.