பல் மருத்துவர் பதில்கள்: போட்ட இம்ப்ளான்ட் ஏன் நிலைக்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 58. ஆறு ஆண்டுகளுக்கு முன் கீழ்த்தாடையின் கடைவாய்ப் பக்கம் இரண்டு இம்ப்ளான்ட் போட்டுக்கொண்டேன். சில மாதங்களாகப் பல் துலக்கும்போது அங்கே ரத்தம் கசிகிறது. வாய் நாற்றமும் இருக்கிறது. வலி துளியும் இல்லை. சுற்றியுள்ள எலும்பு கரைந்திருப்பதாக மருத்துவர் சொல்கிறார். சொத்தையே வராத பல்லுக்கு எப்படி நோய் வரும்?
- வாசகி, ஈரோடு

பதில்: இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்புக்குள் திருகிப் பொருத்தும் டைட்டானியச் செயற்கை வேர். டைட்டானியம் சொத்தையாகாது என்பது உண்மைதான், அம்மா. ஆனால் அதைத் தாங்கி நிற்பவை உங்கள் எலும்பும் ஈறும். நோய் வந்திருப்பது அவற்றுக்கு.

சொந்தப் பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று உண்டு. ஈறின் நார்களும் வேருக்குள் குறுக்கே நுழைந்து இறுகப் பிடித்திருக்கும். இம்ப்ளான்டுக்கு இந்த இரண்டும் கிடையாது. எலும்பு அதன்மேல் நேராக ஒட்டி வளர்கிறது. ஈறோ கழுத்தைச் சுற்றிய சட்டைக் காலர் போல அதைச் சூழ்ந்து நிற்கிறது, அவ்வளவுதான். அந்த இடுக்கில் அழுக்குப் படிந்தால் கிருமிகள் கீழே இறங்குவது சுலபம். முதலில் ஈறு மட்டும் சிவந்து ரத்தம் கசியும். அந்தக் கட்டத்தில் நன்றாகச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கவனிக்காமல் விட்டால் எலும்பு கரையத் தொடங்கும். இந்த இரண்டாவது கட்டத்தைத்தான் பெரி இம்ப்ளான்டைட்டிஸ் என்கிறோம். கரைந்த எலும்பு தானாகத் திரும்பாது.

நீங்கள் எழுதியதில் என்னை அதிகம் கவலைகொள்ள வைத்தது ‘வலி துளியும் இல்லை’ என்ற வரி. சொந்தப் பல்லில் சீழ் வைத்தால் இரவில் தூங்கவிடாது. அந்த வலிதான் நம்மை மருத்துவரிடம் துரத்தும். இம்ப்ளான்டைச் சுற்றி எலும்பு பாதி கரைந்த பிறகும் பலர் அதே பக்கத்தில் முறுக்கு கடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். ஆடத் தொடங்கியபின் வருகிறார்கள். இம்ப்ளான்டே ஆடினால் அதைக் காப்பாற்றுவது அரிது, எடுத்துவிட வேண்டியதுதான். உங்களுடையது ஆடவில்லை என்றால் இன்னும் நேரம் இருக்கிறது.

உங்கள் மருத்துவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். பல் பொருத்திய அன்று எடுத்த எக்ஸ்ரேயையும் இன்றைய எக்ஸ்ரேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அடுத்து, இம்ப்ளான்டின் மேலே உள்ள செயற்கைப் பல், அதாவது கிரௌன், சிமென்ட் வைத்து ஒட்டியதா, ஸ்குரூ போட்டு முடுக்கியதா என்று கேளுங்கள். ஒட்டியது என்றால் ஈறுக்கு அடியில் மிச்சச் சிமென்ட் தங்கியிருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். சில கிரௌன்களைக் கழற்றும்போது விளிம்புக்குக் கீழே நகத்துணுக்கு அளவில் மஞ்சளேறிய சிமென்ட் ஒட்டியிருக்கும். அதன்மேல் கிருமிப் படலம் வழவழவென்று படிந்திருக்கும். அதை எடுத்துச் சுத்தம் செய்தாலே ஈறு அடங்கிய நோயாளிகள் உண்டு. மூன்றாவது, கிரௌனின் வடிவம். அடியில் தொந்தி போலப் பிதுங்கியிருந்தால் எந்த பிரஷ்ஷும் உள்ளே போகாது. அப்படியானால் வடிவத்தைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

வீட்டில் சாதாரண பிரஷ் மட்டும் போதாது. பல்லிடுக்கில் நுழையும் சிறு பிரஷ் மருந்துக்கடையில் கிடைக்கிறது. உங்கள் இடுக்குக்கு எந்த அளவு பொருந்தும் என்று மருத்துவரே காட்டித் தர வேண்டும். தினமும் இரவில் அதை உள்ளே விட்டு எடுங்கள். வெளியே வரும்போது நுனியில் ரத்தம் தெரிந்தால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: வயது 46. சர்க்கரை நோய் உண்டு. சிகரெட் பழக்கமும் உண்டு. மேல்தாடையில் போட்ட இம்ப்ளான்ட் இரண்டே மாதத்தில் கையோடு வந்துவிட்டது. மட்டமான பொருளைப் போட்டுவிட்டார்களா?
- வாசகர், மதுரை

பதில்: பொருள் காரணமாக இருக்கும் வாய்ப்பு குறைவு. சில மாதங்களுக்குள் கழன்றது என்றால் எலும்பு அதைப் பற்றிக்கொள்ளவே இல்லை என்று பொருள்.

எலும்பு டைட்டானியத்தோடு ஒட்டி வளரும் என்பதைக் கண்டுகொண்டவர் சுவீடனைச் சேர்ந்த பெர் இங்வார் பிரோனெமார்க். 1950களில் முயல் எலும்பில் ரத்த ஓட்டத்தை ஆராய டைட்டானியக் கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து எடுக்கப் பார்த்தால் வரவில்லை. 1965ஆம் ஆண்டு யோஸ்தா லார்சன் என்பவருக்கு இம்ப்ளான்ட் பொருத்தினார். 2006ஆம் ஆண்டு லார்சன் இறக்கும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, அவை பயன்பட்டன. பிரோனெமார்க்கின் முறையில் முக்கியமானவை இரண்டு: எலும்பைச் சூடாக்காமல் மெதுவாகத் துளையிடுவது, ஒட்டும் வரை பல மாதங்கள் பாரம் ஏற்றாமல் காத்திருப்பது. எலும்பின் சூடு 47 டிகிரி செல்சியஸை எட்டி ஒரு நிமிடம் நீடித்தாலே அதன் செல்கள் பாதிக்கப்படும். அதனால்தான் துளையிடும்போது உப்புநீரை விடாமல் பீய்ச்சுகிறோம். நீர் போதாவிட்டாலும், துளையில் திருகாணி இறுகப் பிடிக்காவிட்டாலும், மென்மையான எலும்பில் அவசரமாகப் பல் கட்டினாலும் பொறுப்பு எங்களுடையது. மேல்தாடையின் பின்பக்க எலும்பு இயல்பிலேயே மென்மையானது. அங்கே ஸ்கேன் எடுத்து எலும்பின் அகலமும் உயரமும் பார்க்காமல் போட்டிருந்தால் அது தவறு என்று நேராகவே சொல்கிறேன்.

அதே நேராக உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சிகரெட் புகை ஈறுக்கும் எலும்புக்கும் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. புகைப்பவர்களுக்கு இம்ப்ளான்ட் தோற்கும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் சேர்ந்தால் புண் ஆறுவதே சிரமம். எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு, 7 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரட்டும். 8க்கு மேல் இருக்கும்போது அவசரப்பட வேண்டாம். எடுத்த இடத்தில் எலும்பு ஆறச் சில மாதங்கள் ஆகும். சிகரெட்டை விடுவதற்கு அந்த மாதங்களைப் பயன்படுத்துங்கள். மறுபடி போடலாம், பெரும்பாலானவர்களுக்கு நிலைக்கிறது. ஆனால் முதல் முறை இருந்த வாய்ப்பைவிடச் சற்றுக் குறைவுதான். சிகரெட்டுக்குப் பதிலாகப் புகையிலை, பான் மசாலா என்று மாறிவிடாதீர்கள். பான் மசாலா வாயைத் திறக்க முடியாதபடி இறுக்கிவிடும், இரண்டுமே புற்றுநோய்க்கு வழி.

கேள்வி: அம்மாவுக்கு வயது 70. எலும்புத் தேய்மானத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடுகிறோம். இம்ப்ளான்ட் போடலாமா? ஊசியை நிறுத்தட்டுமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது. நீங்கள் சொல்வது டெனோசுமாப் ஊசியாக இருந்தால், அதைத் தள்ளிப்போட்டாலே முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து உண்டு. இவ்வகை மருந்துகளால் தாடை எலும்பு ஆறாமல் புண்ணாகி நிற்பதும் உண்டு. எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் அளவில் அது அரிது, புற்றுநோய்க்குக் கொடுக்கும் அதிக அளவில் ஆபத்து கூடுதல். ஊசி எழுதித் தரும் மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும். பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பிரிட்ஜோ கழற்றி மாட்டும் பல்செட்டோ போதும் என்று அவர்கள் சொன்னால், 70 வயதில் அது குறைவான சிகிச்சை ஆகிவிடாது.

கேள்வி: இம்ப்ளான்ட் போட்ட பல் லேசாகச் சுற்றுகிறது. எல்லாம் போய்விட்டதா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: பயப்படாதீர்கள். பல நேரங்களில் எலும்பில் இருக்கும் பகுதி உறுதியாகவே இருக்கும். மேலே பல்லைப் பிடித்திருக்கும் ஸ்குரூ மட்டும் தளர்ந்திருக்கும். ஆனால் அந்தப் பக்கம் மெல்லாமல் இந்த வாரமே போய்க் காட்டுங்கள். தளர்ந்த நிலையில் தொடர்ந்து கடித்தால் ஸ்குரூ உள்ளேயே உடைந்துவிடும். இரவில் பல் நறநறவென்று கடிக்கும் பழக்கம் உண்டா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். இருந்தால் தூங்கும்போது மாட்டிக்கொள்ளும் உறை செய்து தருவார்கள். போகும்போது இம்ப்ளான்டின் நிறுவனப் பெயரும் அளவும் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். ஒரு நிறுவனத்தின் ஸ்குரூவுக்கு இன்னொரு நிறுவனத்தின் திருப்புளி பெரும்பாலும் பொருந்தாது. அட்டை தரவில்லை என்றால் போட்ட இடத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.