வாசகர் கேள்விகள்: ஆய்வுக் கட்டுரையை எடைபோடுவது எப்படி?

கேள்வி: நாகர்கோவிலில் இதழியல் முதுகலை படிக்கிறேன். புயல் எச்சரிக்கைகள் கடலோர மக்களை எவ்வாறு சென்றடைகின்றன என்பது குறித்த கள ஆய்வுக் கட்டுரை ஒன்றை விமர்சித்து எழுதச் சொன்னார்கள். எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். ‘இது சுருக்கம், விமர்சனம் எங்கே?’ என்று பேராசிரியர் திருப்பித் தந்துவிட்டார். கட்டுரையை எழுதியவர்கள் முனைவர் பட்டம் பெற்றவர்கள். அவர்கள் செய்த வேலையில் நான் எங்கிருந்து குறை காண்பது? (மாணவி, குளச்சல்)

பதில்: உங்கள் கேள்வியின் கடைசி வரியில்தான் சிக்கல் இருக்கிறது. குறை காண வேண்டும் என்று உட்கார்ந்தால் பட்டம் பெற்றவர்கள் முன்னால் கை நடுங்கத்தான் செய்யும். காட்டியிருக்கும் சான்றுக்குச் சொல்லியிருக்கும் முடிவு தகுமா என்று பார்ப்பது மட்டுமே உங்கள் வேலை. அதற்குப் பட்டம் வேண்டாம், பொறுமை வேண்டும்.

நீங்கள் கட்டுரையை முன்னுரையிலிருந்து வரிசையாகப் படித்திருப்பீர்கள். அப்படிப் படிக்கிறவரை ஆசிரியரின் வாதம் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விடும். கடைசியில் சுருக்கம்தான் எழுத வரும். அடுத்த முறை முன்னுரையையும் முடிவுரையையும் மூடி வைத்துவிட்டு, ஆய்வு முறையைச் சொல்லும் பகுதியை மட்டும் படியுங்கள். யாரிடம், எந்த ஊரில், எந்த மாதத்தில், என்ன சொற்களால் கேட்டார்கள் என்பதை அரைப் பக்கத்தில் எழுதுங்கள். இவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு என்ன சொல்ல முடியும் என்று யோசித்து, அதையும் ஒரு வரியில் எழுதி வையுங்கள். பிறகு அவர்களுடைய முடிவுரையைத் திறந்து பாருங்கள். உங்கள் வரிக்கும் அவர்கள் வரிக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறதோ அதைப் பற்றித்தான் நீங்கள் எழுத வேண்டும்.

உங்கள் பொருளையே எடுத்துக்கொள்வோம். ‘கடலோரக் குடும்பங்களில் பெரும்பாலானவை புயல் எச்சரிக்கையை உரிய நேரத்தில் பெறுகின்றன’ என்று ஒரு கட்டுரை முடிவு சொல்வதாகவும், காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை வீடு வீடாகச் சென்று கேட்டதாக அதன் முறைப் பகுதி சொல்வதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பகுதிகளில் ஆண்களில் பெரும்பாலோர் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போய் நாள்கணக்கில், வாரக்கணக்கில் கடலிலேயே தங்குகிறவர்கள் என்பது நம் மாவட்டத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நேரத்தில் கதவைத் திறந்து பதில் சொன்னவர்கள் யார்? பெண்களும் முதியவர்களும் விடுமுறைக்கு வந்த மாணவர்களும். அவர்களுக்குக் கோயில் மைக்கில் சொல்லும் அறிவிப்பு கேட்கும், தொலைக்காட்சி இருக்கிறது, வாட்ஸ்அப்பும் வருகிறது. அவர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் எச்சரிக்கை யாருக்கு உயிர்ப் பிரச்சினையோ அவர் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் தாக்கியபோது நம் கடற்கரையிலிருந்து பலர் அதற்கு முன்பே கடலுக்குப் போயிருந்தார்கள். செல்போன் கோபுரத்தின் எல்லையைத் தாண்டிப் போன படகுக்குக் கரையில் கொடுத்த அறிவிப்பு போய்ச் சேராது. புயலுக்குப் பின் ‘உங்களுக்கு எச்சரிக்கை கிடைத்ததா?’ என்று எவ்வளவு கவனமாகக் கேட்டாலும், திரும்பி வந்தவர்களிடம்தான் கேட்க முடியும். கிடைத்தது என்று சொன்னவர்களின் விகிதம் அதனாலேயே கூடிக் காட்டும். ஒரு கட்டுரை இதைத் தானே எடுத்துச் சொல்லியிருந்தால், அந்த நேர்மையை உங்கள் விமர்சனத்தில் பாராட்டி எழுதுங்கள். பாராட்டும் விமர்சனத்தின் பகுதிதான்.

அடுத்தது, கேட்ட சொற்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவரின் களப்பணியைப் பார்க்க முட்டம் பக்கம் அவருடன் போயிருந்தேன். ‘கடந்த வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக எத்தனை நிமிடங்கள் செய்தி ஊடகங்களைப் பயன்படுத்தினீர்கள்?’ என்பது வினாப்பட்டியலின் மூன்றாவது கேள்வி. ஆங்கிலப் பட்டியல் ஒன்றிலிருந்து மொழிபெயர்த்தது. மீன் விற்றுவிட்டு வந்து சருவத்தைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்து, “நியூஸுண்ணா எது மக்களே, டிவியில வாறதா, வாட்ஸ்அப்புல வாறதா?” என்று கேட்டார். மாணவர் சற்றுத் தயங்கி, “ரெண்டும்தான்” என்றார். “அப்பம் ஒரு அரை மணிக்கூர்ணு போட்டுக்கோங்க” என்றார் அந்த அம்மா. அடுத்த வீட்டிலும் இதே சந்தேகம் வந்தது. இம்முறை மாணவர், “டிவி மட்டும்” என்று சொல்லிவிட்டார். இரண்டு பதில்களும் ஒரே கட்டத்தில் ஏறின. பிறகு கணினி இரண்டு தசம இடம்வரை சராசரி போட்டுக் கொடுத்தது.

அந்த மாணவர் எவரையும் ஏமாற்றவில்லை. ஆயினும் அந்தச் சராசரிக்குப் பொருள் இல்லாமல் போய்விட்டது. மக்கள் தாங்களே சொல்லும் ஊடகப் பயன்பாட்டு நேரமும், கருவி பதிவு செய்யும் நேரமும் பெருமளவு வேறுபடுகின்றன என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே வினாப்பட்டியல் பின்னிணைப்பில் இருக்கிறதா, எந்த மொழியில் கேட்டார்கள், முதலில் சிலரிடம் கேட்டுச் சரிபார்த்தார்களா என்று தேடுங்கள். விளவங்கோடு பக்கம் வீட்டில் மலையாளம் பேசி, மலையாள அலைவரிசைகளைப் பார்க்கிறவர்களிடம் ‘தமிழ்ச் செய்தி பார்ப்பீர்களா?’ என்று மட்டும் கேட்டால், செய்தியே பார்க்காதவராக அவர் பதிவாகிவிடுவார்.

‘குரோன்பாக் ஆல்ஃபா 0.8, ஆகவே அளவுகோல் நம்பகமானது’ என்ற வரியைக் கண்டதும் பலர் கேள்வியை நிறுத்திக்கொள்கிறார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே அந்த எண் சொல்லும். கோணல் தராசில் பத்து முறை நிறுத்தால் பத்து முறையும் ஒரே தவறான எடைதான் வரும். நம்பகத்தன்மை வேறு, அளக்க நினைத்ததையே அளக்கிறதா என்ற ஏற்புடைமை வேறு.

கேள்வி: மாதிரி அளவு சிறியது என்று எழுதினால் போதாதா? எங்கள் வகுப்பில் எல்லோரும் அதைத்தான் எழுதுகிறோம். (மாணவர், மார்த்தாண்டம்)

பதில்: போதாது. யோசிக்காமல் எழுதக் கிடைக்கும் வரி என்பதால்தான் எல்லோரும் அதை எழுதுகிறார்கள். 1936இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலில் வாக்குச் சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. அவற்றை எண்ணி, குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்றது. 48 மாநிலங்களில் 46ஐ, அப்போது அதிபராக இருந்த ரூஸ்வெல்ட் வென்றார். முகவரிகளைத் தொலைபேசிப் பட்டியல், கார் பதிவுப் பட்டியல் போன்றவற்றிலிருந்து எடுத்திருந்தார்கள். பொருளாதார மந்தக் காலத்தில் அவை வசதியுள்ளவர்களின் பட்டியல்கள். போதாக்குறைக்குச் சீட்டு பெற்றவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான் பதில் அனுப்பினார். அதே தேர்தலில் கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் அதைவிட மிகச் சிறிய மாதிரியைக் கொண்டு ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சரியாகச் சொன்னார்.

சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல் போல, தேர்ந்தெடுத்த 400 பேரிடம் கேட்டால் பிழை எல்லை (விடை உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு) ஏறத்தாழ 5 சதவீதப் புள்ளிகள், 1,000 பேரிடம் கேட்டால் 3. மக்கள்தொகை ஒரு தாலுகா அளவா, மாநில அளவா என்பதால் இது பெரிதாக மாறாது. நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் கூகுள் ஃபார்ம் அனுப்பி 4,000 பதில்கள் வாங்கினாலும் இந்தக் கணக்கு அங்கே செல்லாது. ஆகவே எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன், அந்த நபர்கள் எந்த வழியாக உள்ளே வந்தார்கள், எத்தனை பேர் பதில் தர மறுத்தார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: பாடநூலிலேயே இடம்பெற்றுவிட்ட ஆய்வை ஒரு மாணவர் கேள்வி கேட்கலாமா? ஊடகம் அழுத்தம் கொடுப்பதையே மக்களும் முக்கியமாகக் கருதுகிறார்கள் என்ற மெக்கோம்ப்ஸ், ஷா ஆய்வில் ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு, 1 என்றால் முழு ஒற்றுமை) 0.967 என்கிறார்கள். அதற்கு மேல் என்ன சொல்ல இருக்கிறது? (மாணவி, தோவாளை)

பதில்: தாராளமாகக் கேட்கலாம், அவர்களே தங்களைக் கேட்டுக்கொண்டார்கள். 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது அந்நாட்டின் சேப்பல் ஹில் நகரில், யாருக்கு வாக்களிப்பது என்று முடிவு செய்யாத 100 வாக்காளர்களிடம் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று கேட்டு, ஊடகங்கள் எவற்றுக்கு அழுத்தம் கொடுத்தன என்பதோடு ஒப்பிட்டார்கள். 1972இல் வெளிவந்த கட்டுரையிலேயே, இந்த ஒட்டுறவு மட்டும் ஊடகத்தின் விளைவை நிரூபித்துவிடாது என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்த 0.967 எதற்கும் எதற்கும் இடையில் உள்ள எண் என்று பாருங்கள். ஊடகத்தின் பட்டியலுக்கும், 100 பேரின் பதில்களைக் கூட்டிச் செய்த பட்டியலுக்கும் இடையில் உள்ளது அது. அதை வைத்துத் தனி ஒரு வாக்காளர் தாம் படித்த பத்திரிகையின் வரிசையை ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல முடியாது. அடுத்து, எது முந்தியது என்ற கேள்வி. 2017 டிசம்பரில் காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி நம் கடலோர மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அந்த வாரம் இங்கே ஒருவர் கருத்துக்கணிப்பு நடத்தியிருந்தால், மக்களின் முதல் கவலையும் செய்திகளின் முதல் இடமும் ஒன்றாகவே இருந்திருக்கும். அந்தக் கவலை செய்தியைப் பார்த்து வந்ததென்று தூத்தூரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்.

இந்த ஐயத்தைத் தீர்க்கத்தான் ஷாந்தோ ஐயங்காரும் உடன் ஆய்வாளர்களும் சோதனை முறைக்குப் போனார்கள். தொலைக்காட்சிச் செய்திகளைத் தாங்களே மாற்றித் தொகுத்து, வெவ்வேறு குழுக்களுக்கு வெவ்வேறு தொகுப்பைச் சில நாள்கள் தொடர்ந்து காட்டி, முன்னும் பின்னும் கேட்டார்கள். எந்தக் குழு எதைப் பார்ப்பது என்பதைச் சமவாய்ப்பில் முடிவு செய்ததால், எது முந்தியது என்ற கேள்விக்கு இடமில்லை. பாதுகாப்புத் துறையின் குறைபாடுகள் பற்றிய செய்திகளைப் பார்த்த குழுவுக்கு அந்தப் பிரச்சினையின் மீது கவலை கூடியதாக 1982இல் வெளியிட்டார்கள். இனி நீங்கள் அந்தச் சோதனையைக் கேட்கலாம்: ஆய்வுக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்து, சொன்ன செய்தியைச் சொன்ன நேரத்தில் பார்த்தவர்கள், வீட்டில் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிப் பார்ப்பார்கள்?