1980-லேயே உச்ச நீதிமன்றம் கூடாது என்று சொல்லிவிட்டதே, அமெரிக்காவில் சில மாநிலங்கள் மட்டும் கருக்கலைப்புக்கு எப்படி அரசுப் பணம் தருகின்றன?

கேள்வியில் ஒரு சொல் மாறியிருக்கிறது. உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று சொன்னது "கொடுக்கத் தேவையில்லை" என்றுதான், "கொடுக்கக் கூடாது" என்று அல்ல. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டுக்கு மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து பணம் போடுகின்றன. 1976-ல் வந்த ஹைட் திருத்தம் என்ற சட்டப் பிரிவு, கருக்கலைப்புக்கு மத்தியப் பணத்தை மட்டுமே தடுக்கிறது. மாநிலம் தன் பங்கிலிருந்து தரலாம். தன் அரசியல் சாசனத்தில் கூடுதல் உரிமையும் தரலாம்.

நான் வக்கீல் இல்லை. பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியாவில் ஒரு கிளினிக்கில் ஆறு வருடம் பில்லிங் பார்த்தவள். தப்பிருந்தால் திருத்துங்கள், ஆனால் "உனக்கென்ன தெரியும்" என்று வராதீர்கள்.

2019-ல் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு கருக்கலைப்புக்கு வந்தாள். சிறுநீரகக் கோளாறு, ஆனால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் எழுதிக் கொடுக்கும் அளவுக்கு இல்லை. பாலிதீன் உறையிலிருந்து மெடிக்கெய்டு கார்டை எடுத்து நீட்டினாள். செல்லாது என்றேன். "பிள்ளை பெத்தா செல்லுமா?" என்று கேட்டாள். செல்லும் என்றேன். நாலாக மடித்த இருபது டாலர் நோட்டுகளை மேஜைமேல் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தாள். போதவில்லை. மூன்று வாரம் கழித்து மீதியோடு வந்தாள். அதற்குள் வாரக்கணக்கு ஏறி, கட்டணமும் ஏறியிருந்தது.

பாலத்தைத் தாண்டினால் கேம்டன், நியூஜெர்சி. அங்கே குடியிருந்தால் கார்டு செல்லும். பிரசவத்துக்குக் கொடுத்துவிட்டு, உடல்நலத்துக்குத் தேவையான கருக்கலைப்புக்கு மறுக்க முடியாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. பென்சில்வேனியா உச்ச நீதிமன்றமோ, கருக்கலைப்புக்கு மாநிலப் பணம் தரக் கூடாது என்ற தன் மாநிலத் தடை செல்லும் என்று 1985-ல் சொன்னது.

கருவும் உயிர்தான் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் அம்மாவே அந்தக் கட்சி. ஆனால் ஒன்றுக்குப் பணம் கொடுத்து இன்னொன்றுக்கு மறுத்தால், முடிவெடுப்பது அவளா, அரசா?

  

 2024 ஜனவரியில் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் தன் 1985 தீர்ப்பு செல்லாது என்று தானே சொன்னது. 1971-ல் மாநில சாசனத்தில் சேர்த்த ஆண்-பெண் சமத்துவப் பிரிவுதான் ஆதாரம். தடையை அந்தக் கண்ணோடு மறுபடி பார்க்கச் சொல்லி வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. செய்தி வந்தபோது நான் அந்த வேலையில் இல்லை. காரை ஓரங்கட்டி இரண்டு தடவை படித்தேன். அந்த நோட்டுகள்தான் கண்முன் வந்தன.