ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் குடியிருப்புகளில் சுகாதார வேலை: என்ன படிப்பது, எங்கே தொடங்குவது?

கேள்வி: நான் பி.எஸ்சி. வேதியியல் முடித்து, காந்திகிராமத்தில் சுகாதார ஆய்வாளர் பயிற்சியும் எடுத்தவன். ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில வருடம் வேலை பார்த்தேன். மனைவிக்கு டார்வினில் நர்ஸ் வேலை கிடைத்ததால் இப்போது குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டோம். பூர்வகுடி மக்கள் வாழும் தொலைதூரக் குடியிருப்புகளில் சுற்றுச்சூழல் சுகாதார வேலை செய்ய விரும்புகிறேன். என் படிப்பு இங்கே செல்லுமா? எந்தப் பயிற்சியில் சேர வேண்டும்? அதற்கு முன் நானாகப் படித்துத் தயாராக இலவசமாக என்ன கிடைக்கும்?

பதில்: முதலில் படிப்பு விஷயத்தைப் பார்த்துவிடுவோம். இந்தத் துறையில் இங்கே இரண்டு வகை வேலைகள் உண்டு. ஒன்று, சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரி. இதற்குப் பட்டம் வேண்டும், அந்தப் பட்டப்படிப்பை என்விரான்மென்டல் ஹெல்த் ஆஸ்திரேலியா என்ற தொழில்முறை அமைப்பு அங்கீகரித்திருக்க வேண்டும். மற்றது, பூர்வகுடிச் சுற்றுச்சூழல் சுகாதாரப் பணியாளர். அந்தந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர்களே இந்த வேலையைச் செய்வார்கள். இவர்களுக்கென்று சான்றிதழ் 2, 3, 4 என்று மூன்று நிலைகளில் தொழிற்பயிற்சி இருக்கிறது. குழாய், வடிகாலில் சில்லறைப் பழுது பார்ப்பது, தண்ணீர் மாதிரி எடுப்பது, பூச்சிக் கட்டுப்பாடு, நாய் பராமரிப்பு, குப்பைக் கிடங்கு எல்லாம் அதில் வரும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில், புரூம் நகரத்து நிரும்பக் என்ற பூர்வகுடி நிறுவனம் இந்தப் பயிற்சியையும் தருகிறது, குடியிருப்புகளில் வேலையையும் செய்கிறது.

நீங்கள் இந்த இரண்டாவது வழியில் போக வேண்டாம். அந்தப் பயிற்சியும் பணியிடங்களும் பூர்வகுடி மக்களை மனதில் வைத்து உருவாக்கப்பட்டவை, பல இடங்களில் அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அப்படி இருப்பதுதான் சரி. வெளியூர்க்காரர் இரண்டு வருடத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவார். உள்ளூர்ப் பணியாளருக்கு எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் வீட்டுக்கு யார் போகலாம், போகக் கூடாது என்பதெல்லாம் பிறந்ததிலிருந்து தெரியும். உங்கள் வேலை அவருக்குப் பக்கபலமாக நிற்பது.

ஆக, உங்களுக்கு முதல் வழிதான். நம் ஊர் சுகாதார ஆய்வாளர் சான்றிதழை மட்டும் வைத்து அதிகாரி பணிக்குப் போக முடியாது. ஆனால் உங்களிடம் அறிவியல் பட்டம் இருப்பதால் முதுநிலைப் படிப்பு வழியாக வர இடமிருக்கிறது. அடிலெய்டின் ஃபிளிண்டர்ஸ், பெர்த்தின் கர்டின், எடித் கோவன், சிட்னியின் வெஸ்டர்ன் சிட்னி போன்ற பல்கலைக்கழகங்கள் இந்தத் துறைக்குப் பேர்போனவை. எந்தப் படிப்புக்கு இப்போது அங்கீகாரம் இருக்கிறது என்பதை என்விரான்மென்டல் ஹெல்த் ஆஸ்திரேலியாவின் இணையதளத்தில் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். ‘பப்ளிக் ஹெல்த்’ என்று பெயர் இருந்தால் போதும் என்று நினைத்துச் சேர்ந்துவிடாதீர்கள். இன்னொன்று, மற்ற மாநிலங்களில் இந்த அதிகாரிகள் பெரும்பாலும் நகராட்சிகளில் வேலை பார்க்கிறார்கள். நீங்கள் இருக்கும் வடக்குப் பிரதேசத்தில் இந்தப் பொறுப்பு அரசின் சுகாதாரத் துறையிடம் இருக்கிறது. அதனால் விண்ணப்பம், களப்பயிற்சி எல்லாவற்றுக்கும் நேராக அங்கேதான் கேட்க வேண்டும்.

சரி, இனி வேலைக்கு வருவோம். பட்டத்தைவிட இதுதான் முக்கியம் என்பது என் கருத்து.

தெற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில், அனாங்கு என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில், ஙனம்ப்பா ஹெல்த் கவுன்சில் என்ற மருத்துவ அமைப்பு இருக்கிறது. மக்களே நடத்துவது. 1980களின் நடுவில் அதன் பொறுப்பிலிருந்த யாமி லெஸ்டர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். கிளினிக் நன்றாக நடக்கிறது, மருந்தும் கிடைக்கிறது, ஆனால் அதே குழந்தைகள் அதே நோயோடு திரும்பத் திரும்ப வருகிறார்கள். நோய் வருவதையே நிறுத்த வழி சொல்லுங்கள் என்று அவர் மூன்று பேரிடம் கேட்டார். டாக்டர் பால் டோர்சிலோ, கட்டடக் கலைஞர் பால் ஃபோலரோஸ், சுற்றுச்சூழல் சுகாதாரத்தில் அனுபவமுள்ள ஸ்டீஃபன் ரைனோ. அவர்கள் அனாங்கு மக்களோடு சேர்ந்து 1987இல் கொடுத்த அறிக்கையைத்தான், அதன் அனாங்கு மொழித் தலைப்பைச் சுருக்கி, யு.பி.கே. அறிக்கை என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இந்தத் துறையே இன்றுவரை அதன் மேல்தான் நிற்கிறது.

அந்த அறிக்கை ஆரோக்கியத்துக்கு ஒன்பது வாழ்க்கை நடைமுறைகளை வரிசைப்படுத்தியது. குளிப்பது, குறிப்பாக ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளைத் தினமும் குளிப்பாட்டுவது முதலிடம். அடுத்து துணியும் படுக்கையும் துவைப்பது, கழிவுநீரைப் பாதுகாப்பாக வெளியேற்றுவது, உணவைச் சேமித்துச் சமைப்பது, வீட்டில் நெரிசலைக் குறைப்பது, விலங்கு, பூச்சிகளால் வரும் தொல்லையைக் குறைப்பது, தூசியைக் குறைப்பது, வெப்பத்தையும் குளிரையும் கட்டுப்படுத்துவது, கடைசியாக வீட்டுக்குள் ஏற்படும் காயங்களைக் குறைப்பது. இந்த வரிசையை மாற்றக் கூடாது. கண்ணுக்குத் தெரிகிற குப்பையைத்தான் வெளியாட்கள் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள், இந்த ஒன்பதில் அதற்குத் தனி இடமே இல்லை. இந்த ஒன்பதுக்கும் முன்னால் உயிருக்கு ஆபத்தானவை வரும்: மின்கசிவு, எரிவாயு, தீ, வீட்டுக்குள் நிற்கும் சாக்கடை.

இந்தக் குழுவினர் பிறகு ஹெல்தாபிடாட் என்ற அமைப்பாக நாடு முழுவதும் வீடுகளைச் சோதித்துச் சரிசெய்தார்கள். ஆயிரக்கணக்கான வீடுகளில் முதல் சோதனையின்போது ஒழுங்காக வேலை செய்த ஷவர் ஏறத்தாழ 35 சதவீத வீடுகளில்தான் இருந்தது. பழுதுகளுக்குக் காரணம் என்ன என்றும் பதிந்துவைத்தார்கள். குடியிருப்பவர்கள் உடைத்தது 10 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, கட்டும்போதே செய்த கோளாறு. மிச்சம் பெரும்பகுதி, வழக்கமான பராமரிப்பு இல்லாமல் வந்தது. ‘அவங்க வீட்டை வச்சுக்கத் தெரியாதவங்க’ என்று யாராவது உங்களிடம் சொன்னால், நிச்சயம் சொல்வார்கள், இந்தக் கணக்கை எடுத்து வையுங்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1998 முதல் 2008 வரை இதே முறையில் வீடுகளைச் சரிசெய்து பார்த்தது. அந்த வீடுகளில் இருந்தவர்கள் தொற்றுநோயால் மருத்துவமனையில் சேர்வது, இந்தத் திட்டம் எட்டாத மற்ற கிராமப்புறப் பூர்வகுடி மக்களைவிட 40 சதவீதம் குறைவாக இருந்தது. கை கழுவச் சொல்லி ஒட்டிய சுவரொட்டிகளால் இது நடக்கவில்லை. வாஷர் மாற்றினார்கள், அடைப்பு எடுத்தார்கள், ஹீட்டரைச் சரிசெய்தார்கள்.

அவர்களுடைய ஒரு விதியை நீங்களும் பிடித்துக்கொள்ள வேண்டும். பழுது பார்க்காமல் கணக்கெடுப்பு மட்டும் செய்யக் கூடாது. முதல் நாளே கையில் கருவியோடு போக வேண்டும், அன்றைக்கே சிலவற்றையாவது சரிசெய்துவிட்டு வர வேண்டும். நோட்டுப் புத்தகத்தோடு வந்து எழுதிக்கொண்டு போனவர்களை இந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவிட்டார்கள்.

குளியலறைச் சோதனை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், வேலையின் தன்மை புரியும். சுடுதண்ணீர்க் குழாயைத் திறக்கிறீர்கள். கைப்பிடி சுற்றுகிறதா, பல்லிழந்து சும்மா சுழல்கிறதா? தண்ணீர் சூடாக வருகிறதா, எவ்வளவு நேரம் வருகிறது? மூன்று படுக்கையறை வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தால், ஐந்து பேருக்கென்று வைத்த ஹீட்டர் பாதியில் கைவிட்டுவிடும். பாலைவனப் பகுதியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடும் உப்பு. அந்த உப்புப் படிவு ஹீட்டரின் சுருளையும் வால்வையும் அடைத்துவிடும். பிறகு ஷவரை ஓடவிட்டுத் தரையைப் பாருங்கள். தண்ணீர் வடிகாலுக்குப் போகிறதா, வாசல் பக்கம் ஓடுகிறதா? விளக்கு எரிகிறதா, கதவு மூடுகிறதா? கதவு மூடாத குளியலறைக்குள் வயசுப் பெண் எப்படிப் போவாள்? அப்புறம், கைக்குழந்தையை ஷவரில் நிறுத்த முடியாது. தொட்டி இல்லாத வீட்டில் அம்மா துணி துவைக்கும் தொட்டியில் வைத்துத்தான் குளிப்பாட்டுவாள். அந்தத் தொட்டியின் அடைப்பான் தொலைந்திருந்தால் அதுவும் நடக்காது. சில டாலர் ரப்பர் அடைப்பான் அது. குழந்தை குளிக்காமல் போனால் தோல் புண்ணாகிறது. சொறி சிரங்கிலும் தொண்டையிலும் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்குகிறது. வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டு, அறுவைச் சிகிச்சைக்குப் போகும் பிள்ளைகள் இந்தக் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். அந்த அடைப்பான் விஷயத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

மின்சார, பிளம்பிங் வேலைகளில் உரிமம் பெற்றவர்கள் மட்டுமே செய்யக்கூடியவை நிறைய. எதுவரை நீங்கள் தொடலாம் என்பது அந்தந்தப் பிரதேசத்துச் சட்டம். ஆனால் எது பழுது, ஏன் பழுது என்று கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பட்டப்படிப்பில் இது போதுமான அளவு வராது. பக்கத்துத் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் அடிப்படை பிளம்பிங் வகுப்பு கிடைத்தால் சேருங்கள்.

தண்ணீரில் உங்களுக்கு அனுபவம் இருக்கிறது. மாதிரி பாட்டிலைக் கழுவக் கூடாது, ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குச் சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்திருக்கும். இங்கே சிக்கல், சிறு விமானம் என்றைக்கு வருகிறது என்று பார்த்து மாதிரி எடுக்கும் நாளைத் தீர்மானிக்க வேண்டியிருக்கும். ஆனால் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஊரில் தண்ணீர் சந்தேகம் என்றால் ப்ளீச்சிங் பவுடர் போடுவோம், காய்ச்சிக் குடிக்கச் சொல்வோம். மத்திய, மேற்கு ஆஸ்திரேலியாவின் பல குடியிருப்புகளில் பிரச்சினை கிருமி மட்டும் இல்லை, பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் இறங்கும் நைட்ரேட்டும் யுரேனியமும் இருக்கிறது. குளோரின் அதை ஒன்றும் செய்யாது. காய்ச்சினால் நீர் ஆவியாகி அளவு இன்னும் கூடும். நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுக்கக் கூடாது, குழந்தையின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாய்ந்துவிடும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே லராம்பா குடியிருப்பில் யுரேனியம் வழிகாட்டி அளவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. மக்கள் சட்ட வழியிலும் போராடிய பிறகு, 2023இல்தான் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. வேதியியல் படித்தவர் நீங்கள். ஆய்வறிக்கையை வாசித்து, ஒரு தாய்க்குப் புரியும்படி சொல்ல உங்களால் முடியும். அதை விண்ணப்பத்தில் மறக்காமல் எழுதுங்கள்.

நாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடியிருப்புக்குள் நுழைந்ததும் நாய்க்கூட்டத்தைப் பார்த்து, சிரங்குக்குக் காரணம் இதுதான் என்று முடிவு கட்டத் தோன்றும். மனிதச் சிரங்கை உண்டாக்கும் பூச்சியும் நாய்ச் சொறியை உண்டாக்கும் பூச்சியும் வெவ்வேறு வகை. வடக்குப் பிரதேசத்தில் செய்த மரபணு ஆய்விலேயே இது தெரிந்தது. நாயைக் கொன்றால் பிள்ளையின் சிரங்கு போகாது. நாய் இங்கே குடும்பத்தில் ஒருவர், சில குடும்பங்களில் அதற்கு உறவுமுறையும் உண்டு. கருத்தடை, சொறிக்கு மருந்து, கால்நடை மருத்துவரின் வருகை என்றுதான் போக வேண்டும். டார்வினிலேயே இயங்கும் ஆம்ரிக் என்ற அமைப்பு இதற்கான பயிற்சியும் கையேடுகளும் தருகிறது.

கொசுப்புழு ஒழிப்பில் உங்கள் அனுபவம், ஆஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூ கினிக்கும் நடுவே இருக்கும் டோரஸ் நீரிணைத் தீவுகளில் அப்படியே பயன்படும். 2005இல் அங்கே டெங்குவைப் பரப்பக்கூடிய ஏடிஸ் ஆல்போபிக்டஸ் கொசு கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து வீடு வீடாகத் தண்ணீர் தேங்கும் இடங்களைத் தேடும் வேலை நடக்கிறது.

இலவசமாகப் படிப்பதற்கு முதலில் திறக்க வேண்டியது ஆஸ்திரேலியன் இண்டிஜினஸ் ஹெல்த்இன்ஃபோநெட். எடித் கோவன் பல்கலைக்கழகம் நடத்துவது. சுற்றுச்சூழல் சுகாதாரத்துக்கென்று அதில் தனிப் பகுதி இருக்கிறது. கையேடுகள், ஆய்வுகள், வேலைவாய்ப்பு, மாநாட்டு அறிவிப்பு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். அடுத்து, என்ஹெல்த் என்ற அரசுக் குழு, பூர்வகுடிச் சமூகங்களில் வேலை செய்பவர்களுக்காகவே 2010இல் வெளியிட்ட செயல்முறைக் கையேடு. கழிவுநீர்க் குட்டை முதல் பூச்சிமருந்து வரை அன்றாட வேலை எல்லாம் அதில் இருக்கிறது. கொஞ்சம் பழையதுதான், அளவுகளை மட்டும் இப்போதைய குடிநீர் வழிகாட்டியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஹெல்தாபிடாட்டின் வீட்டு வழிகாட்டி இணையத்தில் கிடைக்கிறது. அதை உங்கள் சொந்த வீட்டுக் குளியலறையில் வைத்துச் சோதித்துப் பழகுங்கள்.

அப்புறம் அனுமதி. வடக்குப் பிரதேசத்தில் பூர்வகுடி நிலம் 1976ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டத்தின் கீழ் மக்களுக்குச் சொந்தமானது. நுழைய நிலக் கவுன்சிலிடம் அனுமதி வாங்க வேண்டும். குழந்தைகளோடு புழங்கும் வேலைகளுக்கு ஓக்கர் கார்டு என்ற பின்னணிச் சரிபார்ப்பு அட்டை வேண்டும், கிடைக்க நாளாகும், இப்போதே விண்ணப்பியுங்கள். ஃபோர்வீல் டிரைவ் வண்டி ஓட்டவும் முதலுதவிக்கும் சான்றிதழ் வைத்திருப்பவரை எந்த அலுவலகமும் விரும்பும். மழைக்காலத்தில் பல சாலைகள் அடைபட்டுவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஒரு குடியிருப்பில் சாவு விழுந்தால் வேலை நின்றுவிடும், சில நேரம் வாரக்கணக்கில். இறந்தவரின் பெயரைச் சொல்லக் கூடாது, படத்தைக் காட்டக் கூடாது. அந்த நேரத்தில் போய் நின்றால் நீங்கள் அடுத்த தடவை வரவேண்டாம் என்றே ஆகிவிடும். கிளம்பும் முன் உள்ளூர்ப் பணியாளருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது, நான்காவது மொழி. ‘ஆமாம்’ என்று தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வடக்குப் பிரதேச அரசின் பூர்வகுடி மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறது, பயன்படுத்தக் கூச்சப்பட வேண்டாம். வீட்டுக்குள் அழைக்கும்வரை வேலிக்கு வெளியே நில்லுங்கள். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குப் பெண் பணியாளர் இல்லாமல் போகாதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: சுகாதாரத் துறையின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு எழுதி, மாணவராகச் சேர்ந்தால் களப்பயிற்சிக்கு இடம் கிடைக்குமா என்று கேளுங்கள். அவர்கள் எந்தப் பல்கலைக்கழகத்து மாணவர்களை எடுக்கிறார்கள் என்ற பதில் வந்த பிறகு, அதை வைத்துப் படிப்பைத் தேர்ந்தெடுங்கள்.