பஹீஜா ஹாஃபிஸ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எகிப்திய சினிமா பற்றிய உங்கள் குறிப்பில் பஹீஜா ஹாஃபிஸ் பெயரைப் பார்த்தேன். எகிப்தின் ஆரம்பகாலப் படமான ‘லைலா’வை இயக்கியவர் அவர்தானே? அப்புறம் ஏன் அதிகம் இயக்கவில்லை? பெண் என்று ஒதுக்கிவிட்டார்களா?

கே.

அன்புள்ள கே.,

இரண்டு லைலாக்கள் கலந்துவிட்டன. 1927இல் வந்தது அஸீஸா அமீர் தயாரித்து நடித்த மௌனப்படம். வெதாத் ஓர்ஃபி இயக்கத் தொடங்கி, அஸீஸாவோடு ஒத்துவராமல் போய், ஸ்தெஃபான் ரோஸ்தி முடித்துக் கொடுத்தது. பஹீஜா இயக்கியது 1937இல் வந்த ‘லைலா பின்த் அல்-சஹ்ரா’, பேசும் படம்.

பஹீஜா அலெக்ஸாண்ட்ரியாவின் மேட்டுக்குடிப் பெண், முறையாக இசை படித்தவர். 1930இல் முகமது கரீமின் ‘ஸைனப்’பில் கதாநாயகி, இசையும் அவரே. வீட்டார் தலைமுழுகிவிட்டார்கள். எனவே பெண் என்ற தடை இருக்கத்தான் செய்தது. ஆனால் அவரைக் கவிழ்த்தது பணம்.

கணவர் மஹ்மூத் ஹம்தியோடு ஃபனார் ஃபிலிம் நிறுவனத்தைத் தொடங்கினார். 1932இல் அவர்களின் ‘அல்-தஹாயா’ மௌனப்படமாக வந்த அதே வருடம், பாரிஸில் ஒலிப்பதிவு செய்த ‘அவ்லாத் அல்-ஸவாத்’ எகிப்தின் முதல் பேசும் படமாக வந்தது. அதன்பின் மௌனப்படத்தை யார் சீண்டுவார்கள்? அஸீஸா அமீர் 1933இல் தானே இயக்கிய மௌனப்படத்தில் கையைச் சுட்டுக்கொண்டார். பழைய படத்துக்கு ஒலி சேர்ப்பதும் லேசல்ல. வினாடிக்கு 16, 18 சட்டகம் என்று எடுத்ததை 24இல் ஓட்டினால் ஆட்கள் விழுந்தடித்து ஓடுவார்கள். ஒலித்தடத்துக்காக, அதாவது ஒலி பதியும் பட்டைக்காக, படச்சுருளில் ஒரு ஓரம் பறிபோகும், அங்கே நிற்பவர் பாதி ஆளாவார். 1935இல் ‘அல்-தஹாயா’ பேசும் படமாக மறுபடி வந்தது. ஒரு கதை, இரண்டு செலவு.

அந்த இரட்டைச் செலவுக்குப் பிறகுதான் ‘லைலா பின்த் அல்-சஹ்ரா’. தயாரிப்பு, இயக்கம், நாயகி வேடம், இசை எல்லாம் பஹீஜா. கூட ஹுசைன் ரியாத், ஸகி ருஸ்தும். பாரசீக (இன்றைய ஈரான்) மன்னன் அரபுப் பெண் லைலாவைக் கவர்ந்துபோகிறான், காதலன் பர்ராக் மீட்கிறான். உடையும் அரங்கும் காசைத் தின்னும் சரித்திரப்படம். படம் வந்த கொஞ்ச நாளில் எகிப்து மன்னர் ஃபாரூக்கின் தங்கை ஃபௌஸியாவுக்கும் ஈரான் இளவரசருக்கும் சம்பந்தம் பேசி, 1939இல் கல்யாணமும் நடந்தது. மாப்பிள்ளை நாட்டு மன்னனை வில்லனாக்கிய படத்தை அரண்மனை பொறுக்குமா? தடை விழுந்தது.

படத்துக்கான செலவு முழுக்க முன்னாடியே போய்விடும், வரவு திரையிட்டால்தான். பிரதி பெட்டிக்குள் கிடக்க, வட்டி மட்டும் ஓடும். ‘லைலா அல்-பதவிய்யா’ என்று பெயர் மாற்றி 1944இல் வெளியானபோது ரசிகர்கள் பாடகி லைலா முராத் பக்கம் போயிருந்தார்கள் (மூன்றாவது லைலா, மன்னிக்கவும்). பெரிய கம்பெனியில் இயக்குநராக மட்டும் இருந்திருந்தால் நஷ்டம் முதலாளியோடு போயிருக்கும். இங்கே முதலாளியும் அவரே. 1947இல் இன்னொரு படம் தயாரித்தார், அதுவும் கைகொடுக்கவில்லை.

அவரைத் திரையில் பார்க்க வேண்டுமென்றால் ஸலாஹ் அபூ ஸைஃப் இயக்கிய ‘கெய்ரோ 30’ பாருங்கள், 1966. சின்ன வேடம்தான்.