பெண் நிருபருக்கு வேலை கிடைக்கும், நல்ல பீட் கிடைக்குமா?

"மகள் இதழியல் படிக்க ஆசைப்படுகிறாள். பெண்களுக்கு இந்தத் துறை சரிப்படுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். 14 வருடமாக இதில் இருக்கிறேன். முதலில் தென்மாவட்டத்தில் ஒரு நாளிதழின் நிருபர், இப்போது சென்னையில் தொலைக்காட்சி. தாராளமாகப் படிக்க வையுங்கள்.

வேலை கிடைக்கும். செய்தி வாசிக்க, அலுவலகத்தில் உட்கார்ந்து டெஸ்க்கில் செய்தி எழுத, இணையதளத்துக்கு வீடியோ செய்ய நிறையப் பெண்களை எடுக்கிறார்கள். சிக்கல் வருவது, யாருக்கு எந்த பீட், அதாவது எந்தத் துறைச் செய்தி, என்று பிரிக்கும்போதுதான். எனக்குத் தந்தது பள்ளிக்கல்வி, கோயில் திருவிழா, அரசு மருத்துவமனை. கிரைமும் அரசியலும் ஆண்களுக்கு. "ராத்திரி ஒரு மணிக்கு ஸ்டேஷனுக்கு ஓடணும்மா, உனக்கு எதுக்கு?" என்றார் தலைமை நிருபர். அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் முதல் பக்கச் செய்தியும் பதவி உயர்வும் பெரும்பாலும் அந்த இரண்டில்தான் இருந்தன.

மருத்துவமனையை நான் விடவில்லை. விபத்து, அடிதடி, விஷம் குடித்தவர்கள் எல்லாரும் முதலில் வருவது அங்கேதானே! ஒருநாள் தீக்காயப் பிரிவில், ஸ்டவ் வெடித்ததாகச் சேர்த்திருந்த ஒரு பெண்ணின் அம்மா மற்ற நிருபர்களிடம் வாயே திறக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் நகை கேட்டு அடித்ததையெல்லாம் சொல்லி அழுதார். அந்தச் செய்திக்குப் பிறகு கிரைம் என் கைக்கு வந்தது.

கஷ்டங்களையும் மறைக்கக் கூடாது. 2016 சட்டமன்றத் தேர்தலின்போது பிரச்சார வேனுக்குப் பின்னால் நாள் முழுக்க ஓடினோம். வழியில் கழிப்பறை இருக்காது என்று தண்ணீரே குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்று வந்து படுத்தேன். அப்புறம் தொடுவது, சீண்டுவது. 2018 ஏப்ரலில் ராஜ்பவன் பிரஸ் மீட்டில், அத்தனை நிருபர்கள் இருந்த இடத்தில், கேள்வி கேட்ட பெண் பத்திரிகையாளரின் கன்னத்தைத் தட்டினார் ஆளுநர் பன்வாரிலால் புரோகித். பேத்தி போல நினைத்ததாகச் சொல்லி, கடிதத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்த அளவுக்காவது வந்தது, அந்தப் பெண் பேசாமல் போகாததால்தான்.

அதனால் உங்கள் மகள் பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டத்தைத் தெரிந்துகொண்டு வரட்டும். 10 பேர் வேலை செய்யும் இடமென்றாலே பாலியல் புகாரை விசாரிக்க உள்புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் ஒரு மூத்த பெண் ஊழியர், வெளியாள் ஒருவர் கட்டாயம். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். சம்பளமில்லாத பயிற்சி மாணவிக்கும் இது பொருந்தும். வேலைக்காகப் போகிற வெளியிடமும், அலுவலகம் அனுப்பும் வண்டியும் பணியிடம்தான். பயிற்சிக்கு வருகிற பெண்கள் பலருக்கு இது தெரியாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

நேர்காணலில் இரண்டு கேள்வியைத் தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள்: உள்புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், நைட் ஷிப்ட் முடிந்தால் வீட்டில் விட வண்டி உண்டா. பதில் சொல்லத் திணறினால் வேறு இடம் பார்க்கலாம்.