ரிமோட் டெஸ்க்டொப்: விட்டுப்போன செஷன்களுக்கு நேர எல்லை வைப்பது எப்படி?

கேள்வி: திருகோணமலை நகரில் மொத்த வியாபாரம் செய்கிறோம். கிண்ணியா, மூதூர் கிளைப் பிள்ளைகளும் ரிமோட் டெஸ்க்டொப் வழியாக இங்குள்ள விண்டோஸ் சேர்வருக்குள் வந்துதான் பில் போடுகிறார்கள். காலையில் பார்த்தால் முதல்நாள் செஷன்கள் அப்படியே கிடக்கின்றன. சேர்வர் இழுக்கிறது. ஒருவர் திறந்துவிட்டுப் போன கோப்பை மற்றவர் திருத்த முடியவில்லை. நேர எல்லை வைத்தால், கரண்ட் போகும்போது அரைவாசி அடித்த பில் அழிந்துவிடுமா?

பதில்: அந்தப் பயம் நியாயமானது. எந்த எல்லையை வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சாளரத்தை எக்ஸ் அழுத்தி மூடினாலும், கிளையில் கரண்ட் போய் ரவுட்டர் நின்றாலும் இணைப்பு மட்டுமே அறுகிறது. செஷன், அதாவது அவர் திறந்து வைத்த வேலை முழுவதும், சேர்வரில் உயிரோடு இருக்கும். படகை விட்டு இறங்கியவர் எஞ்சினை நிறுத்தாமல் போனது மாதிரி. நினைவகத்தைத் தின்பதும் கோப்பைப் பிடித்து வைத்திருப்பதும் இதுதான். ஆனால் கரண்ட் வந்ததும் அந்தப் பிள்ளை திரும்ப நுழைந்து, விட்ட இடத்திலிருந்தே பில்லைத் தொடர முடிவதும் இதனால்தான்.

சரி, செய்யவேண்டியதைப் பார்ப்போம். சேர்வரில், விண்டோஸின் விதிகளை அமைக்கும் குரூப் பொலிசி எடிட்டரைத் திறந்து, கம்பியூட்டர் கொன்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் கொம்போனன்ட்ஸ், ரிமோட் டெஸ்க்டொப் சேர்விசஸ், ரிமோட் டெஸ்க்டொப் செஷன் ஹோஸ்ட், செஷன் டைம் லிமிட்ஸ் என்று உள்ளே போங்கள்.

முதலில் இணைப்பு அறுந்த செஷனுக்கான எல்லை. இதை 3 மணி நேரமாக வையுங்கள். இது முடிந்தால் சேர்வர் அந்த ஆளை முழுமையாக லொக் ஒஃப் செய்துவிடும், சேமிக்காதது போய்விடும். அதனால் 5, 10 நிமிடம் என்று இறுக்கிவிடாதீர்கள். நீண்ட மின்வெட்டைத் தாங்கும் அளவு இடைவெளி வேண்டும்.

அடுத்தது, இணைப்பு இருந்தும் சும்மா கிடக்கும் செஷனுக்கான எல்லை. இதற்கு 2 மணி நேரம் போதும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய்வருபவரின் வேலையும் கலையாது. விசைப்பலகையையோ மவுஸையோ தொடாமல் இருந்தால் 'சும்மா' என்றுதான் சேர்வர் கணக்கிடும். நேரம் முடிந்ததும், அறுப்பதற்கு 2 நிமிடம் முன்பே எச்சரிக்கை காட்டி, பிறகு இணைப்பை மட்டும் அறுக்கும். மாலை 6 மணிக்குத் திறந்தபடி விட்டுப்போனால் 8 மணிக்கு இணைப்பு அறும், 11 மணிக்கு லொக் ஒஃப் ஆகும். காலையில் சேர்வர் காலியாக இருக்கும்.

அதே இடத்தில் 'எண்ட் செஷன் வென் டைம் லிமிட்ஸ் ஆர் ரீச்ட்' என்று ஒன்று இருக்கும். தயவுசெய்து அதை இயக்காதீர்கள். இயக்கினால் 8 மணிக்கே நேரடியாக லொக் ஒஃப் நடக்கும். நீங்கள் பயப்படுவது அப்போதுதான் நடக்கும். வேலையில் இருக்கும் செஷனுக்கான எல்லையும் உங்களுக்குத் தேவையில்லை.

இரவு முழுக்க ஓடவேண்டிய கையிருப்பு அறிக்கை ஏதும் இருந்தால், அதை ஒருவருடைய செஷனில் ஓடவிடாமல், குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெடியூலரில் போடுங்கள். இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும்.

அப்புறம், புதிய அமைப்பு உடனே நடைமுறைக்கு வர கொமாண்ட் புரொம்ப்டில் 'ஜிபிஅப்டேட் /ஃபோர்ஸ்' கொடுத்து, எல்லாரையும் ஒருமுறை சேமித்து, லொக் ஒஃப் செய்து திரும்ப நுழையச் சொல்லுங்கள். மறுநாள் காலை 'குவெரி யூசர்' கட்டளையைக் கொடுத்தால் யார் யார் இன்னும் உள்ளே கிடக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.